சொல்லுக்கு யார் ஜாமீன்

1699 மே 5ஆம் தேதி நியூயார்க்கில் ஆடம் பால்ட்ரிட்ஜ் என்ற வியாபாரி ஒரு வாக்குமூலம் கொடுத்தார். மடகாஸ்கரின் கிழக்குக் கரையை ஒட்டிய செயின்ட் மேரி என்னும் சிறு தீவில் 1691 முதல் 1697 வரை கடை வைத்திருந்தவர் அவர். செங்கடலிலும் அரபிக்கடலிலும் கொள்ளையடித்த கப்பல்கள் அங்கே ஒதுங்கும். அவற்றின் ஆட்களுக்கு உணவும் ரம்மும் விற்றுத்தான் அவர் பிழைத்தார். எந்த வருஷம், எந்த மாதம், எந்தக் கப்பல் வந்தது, எதை இறக்கியது, எதை ஏற்றியது என்று பிசகாமல் சொல்லிக்கொண்டே போகிறார். 1693 ஆகஸ்டில், நியூயார்க்கின் பெரும் செல்வந்தர் ஃபிரெடரிக் ஃபிலிப்ஸ் அனுப்பிய 'சார்லஸ்' என்ற கப்பல் வருகிறது. 44 ஜோடி காலணிகள், 12 தொப்பிகள், 5 பீப்பாய் ரம், மதீரா ஒயின், சாராயம் காய்ச்சும் பழைய பாண்டங்கள் இரண்டு, அவை ஓட்டை விழுந்தவை என்ற குறிப்பு, 3 பீப்பாய் பீரங்கி மருந்து, அரிச்சுவடிகள், 2 பைபிள், தோட்டத்துக்கு விதைகள், மண்வெட்டிகள். பதிலுக்கு அவர் ஏற்றி அனுப்பியவை: 1,100 வெள்ளி நாணயங்கள், 34 அடிமைகள், 15 மாடுகள், 57 இரும்புப் பாளங்கள்.

நாணயத்துக்கும் மாட்டுக்கும் நடுவே 34 பேர். எத்தனை முறை வாசித்தாலும் இந்த வரியில் நின்றுவிடுகிறேன். பாண்டத்தில் ஓட்டை இருந்தது என்பது பால்ட்ரிட்ஜுக்கு ஆறு வருஷம் கழித்தும் நினைவிருக்கிறது. அந்த 34 பேரில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, தாயோடு வந்த குழந்தை உண்டா என்பது அவர் வாயில் வரவில்லை. வாக்குமூலம் வாங்கியவர்களும் கேட்கவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது கொள்ளைக்காரர்களின் பெயர்கள். கொள்ளையனுக்கு ரம் விற்றது விசாரணைக்குரிய விஷயம். 34 பேரை விற்றது வியாபாரம். ஒரே கணக்கின் ஒரு வரியில் குற்றம் என்ற சொல் விழுகிறது, அடுத்த வரியில் விழவில்லை.

இப்படிப்பட்ட காகிதங்கள் அந்தக் காலத்து நியூயார்க்கிலிருந்து மூட்டை மூட்டையாக லண்டனுக்குப் போயின. 1841 முதல் ஜான் ரோமெய்ன் பிராட்ஹெட் என்பவர் நியூயார்க் மாநிலத்தின் சார்பில் லண்டன், பாரிஸ், ஹேக் நகரங்களின் ஆவணக் காப்பகங்களில் மூன்று வருஷம் உட்கார்ந்து, 80 தொகுதிப் படிகள் எடுத்து வந்தார். அவை அச்சானபின் பெருந்தலையணை அளவுப் புத்தகங்களாயின. அவற்றில் நான் அதிகம் புரட்டியது, பெல்லமான்ட் பிரபு ஆளுநராக இருந்த 1698 முதல் 1701 வரையான பக்கங்கள். ரிச்சர்ட் கூட் என்பது அவருடைய சொந்தப் பெயர். நியூயார்க், மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் என்ற மூன்று குடியேற்றங்களுக்கும் சேர்த்து ஒரே ஆளுநர். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. கீல்வாதம் வாட்டியது. ஆனாலும் எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார்.

அவர் எழுதியது 1696இல் தொடங்கப்பட்ட வணிக வாரியத்துக்கு. அதன் உறுப்பினர்களில் ஒருவர் ஜான் லாக், அரசாங்கத்தையும் சொத்துரிமையையும் பற்றிய நூலால் இன்றுவரை பாடமாக இருக்கும் அதே தத்துவஞானி. நியூயார்க்கில் எழுதிய கடிதம் அட்லாண்டிக்கைக் கடந்து அவர் மேஜைக்குப் போகப் பல வாரம், பதில் திரும்பப் பல மாதம். பாதிக் கேள்விகளுக்குப் பதிலே வராது. அந்த இடைவெளியில் எழுதுகிறவன் தனியாள். தான் பார்த்ததைத் தானே சாட்சியாகவும் தானே நீதிபதியாகவும் எழுதுகிறான். படிப்பவன் அவன் கண்ணால் மட்டுமே பார்க்க முடியும். காலனி ஆட்சி என்றவுடன் நமக்குப் பீரங்கியும் சிப்பாயும் நினைவுக்கு வருகிறார்கள். இந்தப் பக்கங்களைப் படித்தபின் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது மேஜையும் மைக்கூடும்தான்.

பெல்லமான்டின் கடிதங்களில் மூன்று விஷயம் ஓயாமல் வரும்: கடற்கொள்ளை, உள்ளூர் அரசியல், எல்லைப்புறத்து நட்பு. மூன்றையும் அவர் ஒரே கடிதத்தில், சில சமயம் ஒரே பக்கத்தில் எழுதுவார். முதலில் அது ஒழுங்கில்லாத எழுத்து என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவை மூன்று விஷயமே அல்ல.

அவருக்கு முன் ஆளுநராக இருந்தவர் பெஞ்சமின் பிளெட்சர். கொள்ளையரிடம் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு பாதுகாப்புச் சீட்டு கொடுத்தார் என்பது அவர்மீது பெல்லமான்ட் வைத்த குற்றச்சாட்டு. டாமஸ் டியூ என்ற கொள்ளைக்காரர் செங்கடலில் முகலாயக் கப்பலைச் சூறையாடிவிட்டு வந்து பிளெட்சரோடு ஒரே வண்டியில் ஊர்வலம் போனதை நியூயார்க் பார்த்தது. விளக்கம் கேட்டபோது பிளெட்சர் எழுதிய பதில் இருக்கிறது. டியூ பேச்சுக்கு இனிமையானவர், வாய் திறந்தால் ஆணையிட்டுத் திட்டும் கெட்ட பழக்கம் அவருக்கு இருந்தது, அதிலிருந்து அவரைத் திருத்தவே பழகினேன், அதற்காக ஒரு புத்தகமும் கொடுத்தேன் என்கிறார். பிளெட்சர்மேல் கடைசிவரை வழக்கு நடக்கவில்லை. டியூ 1695இல் செங்கடலில் இன்னொரு கப்பலைத் தாக்கும்போது இறந்துபோனார்.

கொள்ளைப் பணம் ஊருக்குள் வந்தால் அது அரசியல் பணம். பத்து வருஷத்துக்கு முன் ஜேக்கப் லைஸ்லர் என்பவர் தலைமையில் நியூயார்க்கில் ஒரு கிளர்ச்சி நடந்து, 1691இல் அவரைத் தூக்கிலிட்டுத் தலையையும் வெட்டினார்கள். ஊர் அதன்பின் இரண்டாகவே பிளந்து கிடந்தது. பணக்கார வணிகர்கள் ஒரு பக்கம், லைஸ்லரின் ஆட்கள் மறுபக்கம். பெல்லமான்ட் இரண்டாம் பக்கம் சாய்ந்தார். லைஸ்லரின் உடலைத் தோண்டியெடுத்து முறைப்படி அடக்கம் செய்ய அனுமதித்தார். அன்று முதல் வணிகர்களின் புகார்க் கடிதங்களும் லண்டனுக்குப் போகத் தொடங்கின. ஒரே காற்றில், ஒரே கப்பலில்கூட, ஆளுநரின் கடிதமும் ஆளுநர்மேல் புகாரும் சேர்ந்தே பயணம் செய்திருக்கும்.

இதெல்லாம் அறத்தின் பக்கம் நின்ற ஒரு கிழவரின் கதை என்றால் நான் இதை எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன். கொள்ளையை ஒழிக்க வந்த பெல்லமான்ட், வருவதற்கு முன்பே ஒரு கப்பலில் முதல் போட்டிருந்தார்.

அந்தக் கப்பலின் பெயர் 'அட்வென்ச்சர் கேலி'. 34 பீரங்கி. தலைவர் வில்லியம் கிட், ஸ்காட்லாந்தில் பிறந்து நியூயார்க்கில் வீடும் குடும்பமுமாக வாழ்ந்தவர். 1695 அக்டோபரில் லண்டனில் ஒப்பந்தம் எழுதினார்கள். செலவில் ஐந்தில் நான்கு பங்கு பெல்லமான்டின் பொறுப்பு. அவருக்குப் பின்னால் நாட்டின் மிக உயர்ந்த பிரபுக்கள் பெயர் தெரியாமல் நின்றார்கள். அல்பனியைச் சேர்ந்த ராபர்ட் லிவிங்ஸ்டன் இடையில் இருந்து ஏற்பாடு செய்தார். கிட் கையில் இரண்டு அரச ஆணைகள்: கொள்ளையரைப் பிடிக்க ஒன்று, பிரான்சோடு அப்போது நடந்த போரில் பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடிக்க ஒன்று. பிடித்ததைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். அதாவது, அவர் செய்யப்போகும் செயலும் ஒரு கொள்ளைக்காரன் செய்யும் செயலும் கடலிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். கப்பலுக்குள் பெட்டியில் பூட்டியிருந்த காகிதம் மட்டுமே வேறுபாடு.

1698 ஜனவரி 30 அன்று, கொச்சிக்கு அப்பால் கிட் ஒரு பெரிய கப்பலைப் பிடித்தார். வங்கத்துப் பட்டும் மஸ்லினும் சர்க்கரையும் அபினும் ஏற்றிச் சூரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. சரக்கு ஆர்மேனிய வணிகர்களுடையது, முகலாய அரசவையில் ஒரு பெரியவருக்கும் அதில் பங்கு இருந்தது. கப்பல் தலைவர் ஆங்கிலேயர். காட்டிய அனுமதிச் சீட்டு பிரெஞ்சுக்காரர்கள் கொடுத்தது. எத்தனை நாட்டார் ஒரே மரத்தில் மிதந்திருக்கிறார்கள் பாருங்கள். கப்பலின் பெயர் 'குவேடா மெர்ச்சன்ட்'. குவேடா என்று ஆங்கிலேயர் எழுதியது கெடாவை, நம் கல்வெட்டுகள் கடாரம் என்று சொல்லும் அதே ஊரை. கடாரத்தின் பெயரைத் தாங்கிய கப்பலின் கதி நியூயார்க் ஆளுநரின் கடிதக் கட்டில் கிடக்கிறது என்று கண்டபோது, உலகம் எவ்வளவு பழங்காலத்திலிருந்தே ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டிருக்கிறது என்ற வியப்பு எனக்கு அடங்கவில்லை.

பிரெஞ்சுச் சீட்டு இருந்ததால் அந்தப் பிடிப்பு முறையானது என்பது கிட்டின் வாதம். பிரான்சோடு போர் 1697 செப்டம்பரிலேயே முடிந்திருந்தது. அந்தச் செய்தி அவரை எட்டியிருக்கவில்லை. அவர் கப்பலில் இருந்த காகிதம் இன்னும் போரில் இருந்தது. இதற்கிடையில் இந்தியாவில் நிலைமை கொந்தளித்தது. 1695இல் ஹென்றி எவெரி என்பவர் ஔரங்கசீப்பின் 'கஞ்ச்-இ-சவாய்' கப்பலைச் சூறையாடியதற்காகச் சூரத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களைச் சிறைவைத்திருந்தார்கள். இன்னொரு முறை அதைத் தாங்கக் கம்பெனியால் முடியாது. முகலாயருக்குக் காட்ட ஒரு கொள்ளைக்காரன் வேண்டும். கிட் என்ற பெயர் கடிதங்களில் கொள்ளைக்காரன் என்று எழுதப்பட்டது. 1699 ஏப்ரலில் அவர் மேற்கிந்தியத் தீவுகளுக்கு வந்து சேர்ந்தபோது அந்தச் சொல் அவருக்கு முன்பே அங்கே வந்து காத்திருந்தது.

பாஸ்டனில் இருந்த பெல்லமான்டிடம் கிட் ஆளனுப்பினார், தான் குற்றமற்றவன் என்பதற்குச் சாட்சியாகப் பிரெஞ்சுச் சீட்டுகளையும் ஒப்படைத்தார். 1699 ஜூன் 19 அன்று பெல்லமான்ட் பதில் எழுதினார். நீர் சொல்வது உண்மையானால் இங்கே அச்சமின்றி வரலாம், இதை என் சொல்லின்மேலும் என் மானத்தின்மேலும் உறுதி கூறுகிறேன் என்பது அதன் சாரம். கிட் வந்தார். ஜூலை 6 அன்று கைதானார். அதே மாதம் பெல்லமான்ட் வணிக வாரியத்துக்கு இன்னொரு கடிதம் எழுதினார். முதல் கடிதத்தை அப்படி எழுதியது அவரைத் தப்பவிடாமல் வரவழைக்கத்தான் என்று அதில் விளக்கினார்.

இரண்டு கடிதமும் ஒரே கைதான் எழுதியது. ஒரே மானத்தைத்தான் இரண்டும் அடகு வைத்தன. முதலாவதைப் படித்தவன் நம்பிக் கரையேறினான். இரண்டாவதைப் படித்தவர்கள் கெட்டிக்கார ஆளுநர் என்று நினைத்திருப்பார்கள். எழுதப்பட்ட சொல்லின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அது யாரைப் பார்த்துப் போகிறதோ அவருக்கு ஏற்ப முகம் மாற்றிக்கொள்ளும், அப்படி மாறியதை அடுத்தவர் பார்க்க முடியாது. பெல்லமான்டைப் பொய்யர் என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. அவர் பயந்திருந்தார். தான் முதல் போட்ட கப்பல் கொள்ளைக் கப்பலானது வெளியே தெரிந்தால் தன்னோடு தன் நண்பர்களும் அழிவார்கள். பயந்த மனிதனுக்குக் கடிதம் வசதியானது, எதிரில் கண் இல்லாததால்.

அதே பெல்லமான்ட் அந்த வருஷங்களில் கண்ணுக்கு எதிரே பேச வேண்டிய ஓர் இடம் இருந்தது. அது ஹட்சன் ஆற்றின் மேலே, அல்பனியில்.

அல்பனிக்கு மேற்கே வாழ்ந்தவர்கள் தங்களை ஹோடனொஷோனி, நீள்வீட்டு மக்கள் என்று அழைத்துக்கொண்டார்கள். மோஹாக், ஒனைடா, ஒனண்டாகா, கயூகா, செனகா என்ற ஐந்து மக்கள் ஒரே கூரையின் கீழ் ஐந்து அடுப்பு மூட்டியவர்களாகத் தங்களை நினைத்தார்கள். ஆங்கிலக் கடிதங்களில் இவர்கள் 'ஐந்து நாடுகள்'. வடக்கே கனடாவில் பிரெஞ்சுக்காரர்கள், தெற்கே ஆங்கிலேயர்கள், நடுவில் இவர்கள். நீண்ட போர் இவர்களைத்தான் தின்றது. நியூயார்க் அதிகாரிகள் எடுத்த கணக்கின்படி 1689இல் 2,550 போர்வீரர்கள் இருந்தார்கள், 1698இல் 1,230 பேர். மோஹாக் வீரர்கள் மட்டும் 270 பேரிலிருந்து 110 பேர் ஆகியிருந்தார்கள். ஒன்பது வருஷத்தில் ஒவ்வொரு வீட்டிலும் இழவு. லண்டனுக்குப் போன கடிதத்தில் அது எல்லைப் பாதுகாப்பு பற்றிய புள்ளிவிவரம்.

இவர்கள் பேசும் முறையை அந்தக் கூட்டக் குறிப்புகளில் படிக்கும்போது எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்காருகிறது. விஷயத்துக்கு உடனே வரமாட்டார்கள். வந்தவர் தூரம் நடந்து வந்திருக்கிறார், வழியில் துக்கங்கள் இருந்திருக்கும், அந்தத் துக்கத்தோடு ஒருவர் சொல்வதை இன்னொருவரால் சரியாகக் கேட்க முடியாது. ஆகவே முதலில் எதிரில் இருப்பவரின் கண்ணீரைத் துடைப்பதாகச் சொல்வார்கள். பிறகு துக்கம் அடைத்த காதைத் திறப்பதாகச் சொல்வார்கள். பிறகு தொண்டையைத் தெளிவிப்பதாகச் சொல்வார்கள். இந்த மூன்றும் முடிந்தபின்தான் பேச்சு.

பேச்சிலும் ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு பொருள் கைமாற வேண்டும். பெரும்பாலும் வாம்பம் என்னும் சிப்பி மணிக் கச்சை. வெள்ளையும் ஊதாவுமாகக் கோத்தது. கச்சையில்லாமல் சொன்ன சொல்லுக்கு எடையில்லை. வாங்கியவர் அதைத் தம் ஊருக்குக் கொண்டுபோய், அதைக் கையில் பிடித்தபடி, என்ன சொல்லப்பட்டது என்பதைத் தம் மக்கள் முன் திரும்பச் சொல்வார். பின்னாலும் அவ்வப்போது எடுத்துச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஆங்கிலேயரோடு இருந்த நட்பை அவர்கள் வெள்ளிச் சங்கிலி என்றார்கள். வெள்ளி துருப்பிடிக்காது, ஆனால் மங்கும். ஆகையால் அடிக்கடி நேரில் வந்து துலக்க வேண்டும். நியூயார்க் ஆளுநர் யாராக இருந்தாலும் அவர்களுக்கு அவர் 'கொர்லேர்'. முப்பது வருஷத்துக்கு முன் இறந்துபோன ஆரன்ட் வான் கர்லர் என்ற டச்சுக்காரர் அவர்களோடு நேர்மையாக நடந்துகொண்டார் என்பதால், அவர் பெயரையே பதவிக்கு வைத்துவிட்டார்கள். புதிதாக வரும் ஒவ்வொரு பிரபுவும் தன் பட்டத்தோடு வந்து இறங்குகிறார், எதிரில் இருப்பவர்களோ அவரை ஒரு நல்ல மனிதனின் பெயரால் அழைக்கிறார்கள். அந்தப் பெயருக்குத் தகுதியாக நடந்துகொள்ள வேண்டியது இனி அவர் பாடு.

1700 ஆகஸ்டில் பெல்லமான்ட் இவர்களோடு அல்பனியில் ஓர் அறையில் நாள்கணக்கில் உட்கார்ந்தார். லண்டனுக்கு எழுதியபோது, வாழ்நாளில் இவ்வளவு களைப்பை அறிந்ததில்லை என்றும், ஐம்பது தலைவர்கள் கரடிக் கொழுப்புப் பூசிக்கொண்டு புகைத்தபடி அடைத்த அறையில் இருந்தார்கள் என்றும் குறைபட்டுக்கொண்டார். வாசித்தபோது வருத்தமாக இருந்தது. அவர் முன் இருந்தவர்கள் பாதி வீரர்களைப் பறிகொடுத்தவர்கள். அவருக்கு மூக்கில் ஏறிய வாடைதான் எழுத்தில் ஏறியது. கூட்டத்துக் குமாஸ்தாவின் குறிப்பு மட்டும், ஒவ்வொரு பேச்சின் முடிவிலும், ஒரு கச்சை கொடுத்தார்கள் என்று தவறாமல் எழுதிக்கொண்டு போகிறது. அந்தக் கச்சைகள் என்ன சொல்லின என்பதை அவை கைமாறிய அறையில் இருந்தவர்கள் அறிவார்கள். கடிதம் படித்தவர்கள் அறிய வழியில்லை.

அந்த மக்களுக்குக் காகிதத்தோடு ஏற்கெனவே கசந்த அனுபவம் இருந்தது. காட்ஃப்ரி டெல்லியஸ் என்ற டச்சுப் பாதிரியார் அவர்களில் பலருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். உங்கள் நிலத்தை உங்களுக்காகப் பாதுகாத்து வைக்கிறோம் என்று நம்பவைத்து அவரும் நண்பர்களும் மோஹாக்குகளிடம் ஒரு பத்திரத்தில் குறி வாங்கினார்கள். பத்திரமோ நிலம் பாதிரியாருக்கும் நண்பர்களுக்குமே சொந்தம் என்றது. பிளெட்சர் அதை உறுதிசெய்தார். மோஹாக்குகள் வந்து முறையிட்டபோது பெல்லமான்ட் கேட்டார், நம்பினார், 1699இல் சட்டமன்றத்தைக் கொண்டு அந்த மானியங்களை ரத்துசெய்ய வைத்தார். இதனால் பெரிய மனிதர்கள் பலரின் பகையைச் சம்பாதித்துக்கொண்டார். இது அவர் செய்த நல்ல காரியங்களில் ஒன்று, அதை மறைத்து எழுதுவது நியாயமல்ல. கிட்டுக்குக் காகிதத்தில் பொய்யான அதே மனிதர், எதிரில் வந்து நின்று பேசிய மோஹாக்குகளுக்கு மெய்யாக இருந்தார்.

இங்கேதான் நான் பல நாள் தேடிக்கொண்டிருந்தது எனக்குப் பிடிபட்டது. மூன்று விஷயமும் ஒன்று என்றேன் அல்லவா? கொள்ளையனா இல்லையா, நிலம் யாருடையது, ஐந்து நாடுகள் யாருடைய குடிகள் என்ற மூன்று கேள்வியும் ஒரே கேள்வி. ஒரு சொல் சொல்லப்பட்டுவிட்டது, அதற்கு யார் ஜாமீன்? காகிதம் சொல்லை வைத்திருக்கும், ஆனால் அதற்காகப் பதில் சொல்லாது. பதில் சொல்ல ஒரு மனிதன் வேண்டும், அவன் எதிரில் கேட்ட மனிதன் வேண்டும், இருவரும் மறுபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாக வேண்டிய கட்டாயம் வேண்டும். வெள்ளிச் சங்கிலியை வந்து துலக்கு என்று அவர்கள் கேட்டது இதைத்தான். பேரரசு கண்டுபிடித்த புதுமை, பார்க்க வேண்டியதில்லாத முகங்களைப் பற்றித் தீர்ப்பு எழுதும் வசதி. கொச்சிக் கடலில் கப்பலை இழந்த ஆர்மேனியர், ஒனண்டாகாவின் இழவு வீடு, செயின்ட் மேரித் தீவின் 34 பேர் எல்லோரையும் பற்றி எழுதலாம், யாரிடமும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கச்சை புனிதம், காகிதம் பாவம் என்று நான் பிரிக்கவில்லை. கச்சையைப் பிடித்தபடியும் பொய் சொல்லலாம். காகிதம் இல்லாவிட்டால் அந்த 34 பேர் இருந்ததற்கான தடயமே இல்லாமல் போயிருக்கும். எழுதியவன் மறைக்க நினைத்ததையும் காகிதம் சில சமயம் காப்பாற்றிக் கொடுக்கிறது. கிட்டின் கதையே அதற்குச் சாட்சி.

1701. அந்த ஒரே வருஷத்தில் எல்லாம் முடிந்தது. மார்ச் 5 அன்று பெல்லமான்ட் நியூயார்க்கில் இறந்தார். மே 8, 9 தேதிகளில் லண்டனில் கிட்டை விசாரித்தார்கள். என் பிரெஞ்சுச் சீட்டுகள் எங்கே, அவை பெல்லமான்ட் பிரபுவிடம் கொடுத்தவை என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். லண்டனுக்கு அனுப்பப்பட்ட அந்தச் சீட்டுகள் நீதிமன்றத்துக்கு வரவில்லை. மே 23 அன்று தேம்ஸ் கரையில் வாப்பிங்கில் தூக்கிலிட்டார்கள். முதல் முறை கயிறு அறுந்தது, மறுபடி ஏற்றினார்கள். தன் கப்பலாளி வில்லியம் மூரை வாளியால் அடித்துக் கொன்ற வழக்கிலும் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாகியிருந்தது. ஆகவே சீட்டு வந்திருந்தாலும் உயிர் தப்பியிருக்கும் என்று சொல்ல முடியாது. கோவலனுக்கு நேர்ந்ததோடு இதை வைத்து ஒப்பிடவும் மாட்டேன், கோவலன் கை கறைபடாதது. ஆனால் சாட்சிப் பொருள் அரண்மனையிலேயே இருக்க, ஆள் மட்டும் கொல்லப்படுவது நமக்குத் தெரியாத கதையல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரால்ஃப் பெய்ன் என்ற அமெரிக்க எழுத்தாளர் லண்டன் ஆவணக் காப்பகத்தில் தேடியபோது அந்தச் சீட்டுகள் கிடைத்தன. இருநூறு வருஷம் அரசாங்கக் கட்டுக்குள்ளேயே பத்திரமாக இருந்தன. யாரும் கிழிக்கவில்லை. யாரும் எடுத்துக் காட்டவும் இல்லை.

அதே 1701 ஜூலை 19 அன்று ஐந்து நாடுகளின் தலைவர்கள் அல்பனியில் தங்கள் வேட்டை நிலத்தை ஆங்கில அரசரின் பாதுகாப்பில் ஒப்படைக்கும் பத்திரத்தில் குறியிட்டார்கள். ஆகஸ்ட் 4 அன்று அவர்களின் தூதர்கள் மொன்ட்ரியலில் பிரெஞ்சுக்காரர்களோடும் முப்பதுக்கு மேற்பட்ட பிற மக்களோடும் சமாதானம் செய்தார்கள். அடுத்தடுத்து இரண்டு பக்கமும் கை நீட்டியது துரோகம் என்று அந்தக் காலத்தில் இரு பக்கமும் முணுமுணுத்திருக்கலாம். பாதி வீரர்களை இழந்தவர்கள் இரண்டு பேரரசுக்கு நடுவில் உயிரோடிருக்க எடுத்த முடிவாகவே நான் அதைப் பார்க்கிறேன். மொன்ட்ரியலில் இந்தச் சமாதானத்துக்காக மிகவும் உழைத்தவர், ஐந்து நாடுகளின் பழைய எதிரிகளான ஹ்யூரன் மக்களின் தலைவர் கொண்டியரொங்க். குறியிடுவதற்குச் சில நாள் முன்பு நடந்த கூட்டத்தில், கடுங்காய்ச்சலால் நிற்க முடியாத அவரை நாற்காலி கொண்டுவந்து போட்டு உட்காரவைத்தார்கள். இரண்டு மணி நேரம் பேசினார். அன்றிரவே இறந்தார். அவர் சொல்லுக்கு அவர் உடம்பே ஜாமீனாக நின்றது. அந்த ஒப்பந்தத்தின் அடியில் கொக்கும் கரடியுமாக ஒவ்வொரு மக்களும் வரைந்த குறிகள் இன்றும் இருக்கின்றன.

பால்ட்ரிட்ஜின் தீவில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1697இல் தீவின் மக்கள் எழுந்து அங்கிருந்த கொள்ளையரைக் கொன்று கடையை அழித்தார்கள். அவர்களில் பலரை ஏமாற்றிக் கப்பலேற்றி விற்றதுதான் காரணம் என்று பின்னர் சொல்லப்பட்டது. பால்ட்ரிட்ஜ் அப்போது கடலில் இருந்ததால் தப்பினார். தப்பி வந்தவர்தான் நியூயார்க்கில் உட்கார்ந்து அந்தப் பட்டியலைச் சொல்லுகிறார்.

அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் அல்பனியில் ஹோடனொஷோனி தலைவர்கள் செய்த முறையையே இப்போது கடைப்பிடிக்கிறேன். முதலில் கண். பிறகு காது. பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, காலணிகளையும் ரம்மையும் விதைகளையும் தாண்டி, நாணயத்துக்கும் மாட்டுக்கும் இடையில் இருக்கும் அந்த எண்ணை வாய்விட்டு, எழுத்தால் விரித்துச் சொல்கிறேன்: முப்பத்து நான்கு பேர்.